‘டிங்’ கேட்டுச்சாப்பா?

போன மாதம் ஒரு நாள் அப்பாவைத் திட்டிவிட்டேன்.

திட்டுவது அப்பாக்களின் துறை. அதில் பிள்ளைகள் கை வைப்பது நியாயமில்லைதான். என்ன செய்ய, நடந்துவிட்டது.

அப்பாவுக்கு வயசு 68. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில் முப்பது வருஷம் அரம் பிடித்த கை. இப்போது ரிட்டயர்டு. (பட்டறையில் ரிட்டயர்மென்ட், பார்ட்டி, சந்தன மாலை எல்லாம் கிடையாது. கண் மங்கினால் அவர்களாகவே வீட்டோடு இருந்துவிடுவார்கள்.) சுகர் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனார். பில் 1,840 ரூபாய். பணம் அனுப்பும் ஆப் ஒன்றை அவருடைய போனில் நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன்.

கடை அட்டையை ஸ்கேன் பண்ணினார். தொகை அடித்தார். ரகசிய நம்பர் அடித்தார். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது... சுற்றியது... கல்யாண வீட்டில் வேலை இல்லாத சித்தப்பா மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. ‘இத்தனை ரூபாய் வந்தது’ என்று சத்தம் போடும் கடைப் பெட்டிக்கு அன்றைக்குப் பார்த்து சார்ஜ் இல்லை. பின்னால் அஞ்சு பேர். “பெரியவரே, சீக்கிரம்!” என்று ஒரு குரல். அப்பா பதறிப்போய் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தார்.

ரெண்டு தடவையும் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. மொத்தம் 3,680 ரூபாய்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் நான் ஆரம்பித்தேன். “இதுகூடத் தெரியாதாப்பா? ஸ்கிரீனைப் பார்க்க மாட்டீங்களா? பக்கத்து வீட்டு ஆறாங்கிளாஸ் பையன் கரெக்டா பண்றான்!”

அப்பா பதிலே சொல்லவில்லை. போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாளே கடைக்காரர் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார், நல்ல மனுஷர். ஆனால் போன் ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தது. அப்பா கரண்ட் பில் கட்ட வெயிலில் வரிசைக்குப் போனார். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போனார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

1,840 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. நான் சொன்ன வார்த்தை திரும்பி வரவில்லை.

* * *

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் சென்னையில் ‘யூ.எக்ஸ்.’ வேலை பார்க்கிறான். யூஸர் எக்ஸ்பீரியன்ஸ். ரொம்ப நாள் அது ஏதோ சோப்புக் கம்பெனி என்றே நினைத்திருந்தேன். ஒரு பொருளை, ஒரு ஆப்பை, ஜனங்கள் தடுக்கி விழாமல் பயன்படுத்துகிற மாதிரி அமைப்பதுதான் அவன் தொழிலாம். ராத்திரி போன் போட்டு அப்பா கதையைச் சொன்னேன்.

“தப்பு உங்கப்பா மேல இல்லடா. உனக்கு விமானக் கதை தெரியுமா?” என்றான்.

இரண்டாம் உலகப் போர் சமயம். அமெரிக்காவின் பி-17 குண்டு விமானம் பத்திரமாகத் தரை இறங்கும். இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது பைலட் சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுவார்! விமானம் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போய் நிற்கும். நல்ல பயிற்சி பெற்ற பைலட்டுகள். ரிப்போர்ட்டில் ‘பைலட் தவறு’ என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள்.

அல்போன்ஸ் சபானிஸ் என்ற மனோதத்துவக்காரர் வந்தார். அவர் பைலட்டுகளுக்குப் பதில் காக்பிட்டைப் பார்த்தார். இறக்கை மடிப்பை அசைக்கும் சுவிட்சும், சக்கரத்தை மடக்கும் சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே ஜாடையில் இருந்தன. களைத்துப் போனவன் கை எதில் போகும்? ஒன்றின் நுனியில் குட்டி ரப்பர் சக்கரம் வைக்கச் சொன்னார், இன்னொன்றில் இறக்கை மாதிரி சரிவான துண்டு. தொட்டாலே தெரிந்துவிடும். வியாதி தீர்ந்தது.

1947-ல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இருவர் இதே மாதிரி 460 ‘பைலட் தவறு’களை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு லீவரை இன்னொன்றாக நினைத்துக்கொண்டது, ஒரே வேலைக்கான லீவர் ஒவ்வொரு விமானத்தில் ஒவ்வொரு இடத்தில் இருந்தது... இப்படிக் காரணங்கள் வந்தன. ‘தவறு’ என்று எழுதியிருந்த இடத்தில் பாதிக்கு மேல் ‘அமைப்பு’ என்று எழுதியிருக்கலாம் போலிருக்கிறது.

இந்தத் துறையில் பெரிய பெயர் டொனால்ட் நார்மன். 1988-ல் அன்றாடப் பொருட்களின் மனோதத்துவம் பற்றிப் புத்தகமே போட்டார். 1993-ல் ஆப்பிள் கம்பெனிக்குப் போனபோது ‘யூஸர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற வார்த்தையைத் தன் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார். பாங்குக் கண்ணாடிக் கதவில் ‘தள்ளு’ என்று எழுதியிருக்கும், ஆனால் இழுக்கத் தோதாகக் கைப்பிடி இருக்கும். இழுத்து, முகத்தில் அசடு வழிந்து, பக்கத்தில் யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்போமே... அந்த மாதிரிக் கதவுக்கு இன்று உலகம் முழுக்க ‘நார்மன் கதவு’ என்றே பெயர். கைப்பிடி ‘இழு’ என்கிறது, எழுத்து ‘தள்ளு’ என்கிறது. கை எப்போதும் கைப்பிடி பேச்சைத்தான் கேட்கும்.

ஆபீஸ் உதாரணம் வேண்டுமா? ஜெராக்ஸ் எடுத்துவிட்டு ஒரிஜினலை மெஷினுக்குள்ளேயே விட்டு வந்தவர்கள் கை தூக்குங்கள். (நானும் தூக்கியிருக்கிறேன். என் டிகிரி சர்ட்டிபிகேட்.) இது மறதி வியாதி இல்லை. காரியம் முடிந்ததும் மனசு கடையைச் சாத்திவிடும், அதற்குப் பிறகு இருக்கிற வால் வேலையைக் கவனிக்காது. ஆரம்ப கால ஏ.டி.எம்.களில் பணம் முதலில் வரும், கார்டு பிறகு. பணத்தை எண்ணிக்கொண்டே ஜனங்கள் கார்டை விட்டுவிட்டுப் போனார்கள். ‘கார்டை மறவாதீர்’ என்று போர்டு மாட்டினால் யார் படிப்பது? வரிசையை மாற்றினார்கள். கார்டை எடுத்தால்தான் பணம். அவ்வளவுதான்!

* * *

நாலாவது நாள், அம்மா பரணிலிருந்து இட்லிப் பானையை எடுக்கச் சொன்னார். பானைக்குப் பின்னால் துணியில் சுற்றிய ஒரு கனமான சாமான். பிரித்தால் பூட்டு. சாவி கூடவே கட்டியிருந்தது. போட்டுத் திருப்பினேன்.

டிங்!

“மணிப்பூட்டுடா அது,” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். நாலு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

எங்கள் ஊருக்குப் பூட்டு நகரம் என்று பெயர். நாகல் நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி என்று சுற்றுவட்டாரம் முழுக்க அரச் சத்தம் கேட்ட காலம் உண்டு. மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு என்று ஐம்பது ரகத்துக்கு மேல். உள்ளே இருக்கும் லீவர்களைக் கையால் ராவிச் சாவிக்குப் பொருத்துவார்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் வந்து பட்டறைகள் குறைந்த பிறகு கிடைத்த மரியாதை.

“பூட்டுக்கு எதுக்குப்பா மணி?” என்றேன்.

“திருடன் கை வச்சா வீட்டுக்காரனுக்குக் கேக்கும். அது ஒண்ணு. இன்னொண்ணு, ராத்திரி இருட்டுல கடையப் பூட்டுறவன் சாவியத் திருப்புறான். பூட்டிருச்சா, இல்லையா? கண்ணுக்குத் தெரியாதுல்ல? பூட்டுதான் சொல்லணும். சொல்லலைன்னா அவன் மறுபடி திருப்பிப் பார்ப்பான்.”

சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. ‘சொல்லலைன்னா மறுபடி திருப்பிப் பார்ப்பான்.’ மருந்துக் கடையில் அவர் செய்தது அதைத்தானே?

நண்பனுக்குப் போன் போட்டேன். “இதுக்குத்தாண்டா எங்காளுக ஃபீட்பேக்னு பேரு வச்சிருக்காங்க. நீ ஒரு காரியம் செஞ்சா, அது நடந்துச்சுன்னு பொருள் உனக்கு உடனே சொல்லணும். பொய் சொல்லக் கூடாது,” என்றான்.

பொய் சொன்னால் என்ன ஆகும்? 1979 மார்ச்சில் அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்தது. ஊழியர்கள் வால்வு மூடிவிட்டது என்றே நம்பினார்கள். அந்த விளக்கு, ‘மூடு’ என்று ஆணை போன விஷயத்தைத்தான் காட்டும். வால்வு மூடியதா என்பதைக் காட்டாது! குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது, உலையின் உட்பகுதி கணிசமாக உருகியது. அந்த விபத்தை ஆராயப் போனவர்களில் நம்ம கதவு நார்மனும் ஒருவர்.

இந்த ‘டிங்’கை நம் நாட்டில் ஒழுங்காகச் செய்த இடமும் இருக்கிறது. ஓட்டு மெஷின். 1982-ல் கேரளாவின் பரவூரில் முதன்முதலாக வைத்தார்கள். இப்போதுள்ள வடிவத்தில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் டிசைன் பேராசிரியர்களுக்கும் பங்கு உண்டு. பெயர், சின்னம், பக்கத்திலேயே நீல பட்டன். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், ‘பீ...ப்’ என்று நீளமாக ஒரு சத்தம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் ‘விழுந்திருச்சு’ என்று திருப்தியாக வெளியே வருவார். இப்போது கண்ணாடிக்குள் ஏழு விநாடி சீட்டும் தெரிகிறது. மருந்துக் கடைப் பெட்டியும் இதே ஜாதிதான். கூட்ட நேரத்தில் கடைக்காரர் எந்தக் கையால் போனை எடுத்து மெசேஜ் பார்ப்பார்? அதனால் பெட்டி வாயால் சொல்கிறது. சார்ஜ் இருந்தால்.

* * *

சின்னம் என்றதும் இன்னொரு விஷயம். போனைக் கற்றுக்கொடுத்த முதல் நாள் அப்பா கேட்டார்: “மேல மூலையில என்னப்பா, விபூதிப் பட்டை போட்டிருக்கு? சாமி சம்பந்தமா?”

அது மெனு. மூணு படுக்கைக் கோடு. ‘இதை அழுத்தினால் பட்டியல் வரும்’ என்று யாராவது சொல்லிக் கொடுத்தாலொழிய உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அன்று நான் சிரித்தேன். இப்போது யோசித்தால், அப்பா சொன்னதுதான் அந்தப் படத்துக்கு நியாயமான அர்த்தம்.

மனசுக்கு, நினைவிலிருந்து தோண்டி எடுப்பது கஷ்டம். கண்ணால் பார்த்து ‘அட, இதுதானே’ என்பது சுலபம். இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52ல் நடந்தபோது நூற்றுக்கு 18 பேருக்குத்தான் எழுத்தறிவு. பெயரைப் படிக்கத் தெரியாதவன் ஓட்டுப் போடுவது எப்படி? சின்னம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். காளை, குடிசை, விளக்கு, யானை என்று வீட்டிலும் வயலிலும் பார்க்கிற படங்கள்.

அதில் எங்கள் ஊருக்கு ஒரு தனிப் பெருமை. 1973 மே மாதம் திண்டுக்கல் பார்லிமென்ட் இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேட்பாளர் வக்கீல் மாயத்தேவர். அந்தத் தேர்தலில்தான் ‘இரட்டை இலை’ முதன்முதலாக நின்றது, ஜெயித்தது. கட்சி எதுவாகவும் இருக்கட்டும், படத்தை மட்டும் பாருங்கள். கரித்துண்டு கிடைத்தால் எந்தப் பொடியனும் சுவரில் அரை நிமிஷத்தில் வரைந்துவிடலாம். தூரத்திலிருந்து பார்த்தாலும் இலைதான். வெயிலில், மழையில் பாதி அழிந்தாலும் இலைதான். இந்த மூணு பரீட்சையில் இன்றைய ஆப் படங்கள் எத்தனை பாஸாகும்?

* * *

“ரொம்ப நல்ல பூட்டு எதுப்பா?” என்றேன் அன்று ராத்திரி. பேச்சை வளர்க்க ஒரு சாக்கு.

“திருடனுக்குக் கஷ்டமாவும் வீட்டுக்காரனுக்கு லேசாவும் இருக்கிறது. ரெண்டு பேருக்கும் கஷ்டமா இருந்தா அவன் சாவியப் பூந்தொட்டிக்கு அடியில வச்சுட்டுப் போயிருவான்.”

ஆபீஸ் நண்பர்களே, இப்போது உங்கள் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, நட்சத்திரக் குறி ஒன்று, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். இந்த மாதிரி விதிகளை 2003-ல் அமெரிக்க அரசின் ‘நிஸ்ட்’ நிறுவனத்துக்காக எழுதியவர் பில் பர். உலகமே பின்பற்றியது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? கடைசியில் இருந்த 1-ஐ 2 ஆக்கினார்கள். மறந்துபோகும் என்று சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டினார்கள். பூந்தொட்டி! 2017-ல் நிஸ்ட் அந்த விதிகளைக் கைவிட்டது. பில் பர்ரும் தான் எழுதியதில் பலவற்றுக்கு வருத்தம் தெரிவித்தார். மனுஷ மூளையின் தற்காலிகப் பையில் ஏழு சாமான், கூடவோ குறையவோ ரெண்டு, அவ்வளவுதான் பிடிக்கும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-லேயே எழுதினார். அதிலும் பாதிதான் என்பது பிற்பாடு வந்தவர்கள் கணக்கு.

“சரிப்பா, புதுசா ஒரு பூட்டு செஞ்சா நல்லாயிருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

அப்பா முதல் தடவையாகச் சிரித்தார். “பட்டறைக்கு டீ கொண்டு வர்ற பையன், சாணை பிடிக்க வர்றவரு, பக்கத்துக் கடை ஆச்சி... யாராவது நாலஞ்சு பேர்ட்ட பூட்டையும் சாவியையும் குடுத்துட்டுப் பேசாம நிப்போம். வாயே திறக்கக் கூடாது. ‘இப்படித் திருப்பு’ன்னு சொல்லிட்டா தீந்துச்சு. அவுக கை எங்க தடுமாறுதோ அங்க அரம் போடுவோம்.”

போனில் நண்பன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னான்: “இதைத்தாண்டா லட்ச லட்சமா வாங்கிக்கிட்டு நாங்க பண்றோம்.” ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000-ல் எழுதினாராம். அஞ்சு பேரிடம் கொடுத்து வேடிக்கை பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும், சுமார் 85 சதவீதம். ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்கக் கூடாது. மரியாதைக்கு ‘நல்லாருக்கு’ என்பார்கள். பார்க்க வேண்டும்.

* * *

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜ் மேலிருந்து போனை எடுத்தேன். “அப்பா, எனக்குப் பத்து ரூபா அனுப்புங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

சந்தேகமாகப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். பேசாமல் உட்கார்ந்தேன். ஐயா, வாயை மூடிக்கொண்டு அஞ்சு நிமிஷம் உட்காருவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மூணு தடவை “அங்க இல்லப்பா” என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

விழுங்கியதால் பார்த்தேன். ‘அனுப்பியாச்சு’ என்கிற செய்தி, சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், இங்கிலீஷில் ரெண்டு விநாடி வந்தது. அதை மூடிக்கொண்டு ‘லோன் வேண்டுமா?’ என்று ஒரு விளம்பரம் குதித்தது. முப்பது வருஷம் லீவர் பல்லையே உற்றுப் பார்த்துத் தேய்ந்த கண் அது. அந்த ரெண்டு விநாடியில் எதைப் படிக்கும்? கீழே பச்சையாக, பெரிசாகத் தெரிந்த ஒரே பட்டன், ‘மறுபடி அனுப்பு’.

நான் ஆறாங்கிளாஸ் பையனோடு ஒப்பிட்டது இந்த மனுஷரை.

“தப்பு உங்க மேல இல்லப்பா. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது,” என்றேன்.

“விடு,” என்றார். பிறகு போனைத் திருப்பிப் பார்த்து, “இதச் செஞ்சவன் யார்ட்டயும் குடுத்துப் பாக்கலப்பா. நேரா கடைக்கு அனுப்பிட்டான்,” என்றார், ஒரு பட்டறைக்காரர் இன்னொரு பட்டறைக்காரரைச் சொல்கிற தோரணையில்.

பிறகு நாங்களே அரம் போட்டோம். போனைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிசாக்கி, பாங்கு மெசேஜ் வந்தால் மணி அடிக்க வைத்தேன். ஒரு சட்டமும் போட்டுக்கொண்டோம். வட்டம் சுற்றினால் மறுபடி அனுப்பக் கூடாது. முதலில் பழைய கணக்குப் பட்டியலைப் பார்க்க வேண்டும். கணக்கிலிருந்து பணம் கழிந்து கடைக்கு உறுதியாகவில்லை என்றால், ரிசர்வ் பாங்கின் 2019 உத்தரவுப்படி அஞ்சு நாளில் அதுவாகத் திரும்பி வர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் பாங்கு தர வேண்டும். (பி.காம். படித்த எனக்கே இது போன மாதம்தான் தெரியும்.)

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமோ அப்பாவிடமோ போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அஞ்சு நிமிஷம்தான். ‘இதுகூடத் தெரியாதா’ என்பதை மட்டும் வெளியே விடாதீர்கள்.

நேற்று சாயங்காலம் நானும் அப்பாவும் டீக்கடைக்குப் போனோம். ரெண்டு டீ, ரெண்டு வடை. நான் பாக்கெட்டில் கை விடுவதற்குள் அப்பா போனை எடுத்துவிட்டார். ஸ்கேன். தொகை. நம்பர். வட்டம் சுற்றியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டைப் பைக்குள் மணி அடித்தது.

அப்பா என் தோளைத் தட்டினார்.

“டிங் கேட்டுச்சாப்பா?”